இந்த நாள் இன்னும் வரவில்லை

பெர்கோவிட்சா
12 நவம்பர் 2025

கலின்,

உன் குரலை இனி ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று நீ வந்திருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தச் சொல்லை மீறவில்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன்.

இறந்தவர்களின் சனிக்கிழமையன்று வேகவைத்த கோதுமையை எடுத்துக்கொண்டு உன் அண்ணன் ஸ்டமெனின் கல்லறைக்குப் போனேன். நீ கால் வலி என்று கடையிலேயே உட்கார்ந்துகொண்டாய். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் பழைய பச்சைப் புல்வெளி இல்லை, ஏதோ நீலப் பூ விரிந்து கிடக்கிறது. "புது வெர்ஷன் போட்டுட்டேன் அண்ணி, இனிமே கவலையில்ல" என்று சிரித்தாய். உன்னை யார் கேட்டது? பழையதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, ஜனவரியில் நம் லெவா நாணயம் போய் யூரோ வருகிறது, பில் போடும் மென்பொருள் பழையதில் ஓடாது என்று பாடம் நடத்தினாய். இருக்கட்டும். ஆனால் ஸ்டமென் எழுதிய புரோகிராம் திறக்கவில்லையே? நான் கத்திய பிறகுதானே அது உன் நினைவுக்கு வந்தது? மாலைவரை மல்லுக்கட்டி, ஒரு சின்ன ஜன்னலுக்குள் அதைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாய். நானும் கூப்பிடவில்லை.

நம் தொழில் உனக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலித் தாள் அடிப்பது நம் கடை. முதல் நாள், நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஓராண்டு என்று யாருக்கு எப்போது ஒட்டவேண்டும் என்பதை அந்தப் புரோகிராம்தான் காலையில் சொல்லும், அடித்தும் வைக்கும். நான் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அப்படித்தான் கிளம்பினேன். கண்ணாடி போடவில்லை. எல்லாம் தெரிந்த முகங்கள், கதவுகளும் தெரிந்த கதவுகள். டயர் கடை வெல்கோவின் வீட்டுக் கதவில் ஸ்லாவ்காவின் படத்தை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். "நீ இல்லாத ஓராண்டு. ஆறாத துயரில் உன் கணவன் வெல்கோ." ஸ்லாவ்கா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெல்கோ இந்த வசந்தத்தில்தான் இவ்காவைக் கட்டிக்கொண்டார். காலையில் குப்பை கொட்டக் கதவைத் திறந்தவள் முதல் மனைவியின் முகத்தில் விழித்திருக்கிறாள். தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். "போன வருஷந்தான் செத்தாளா அவ? அப்ப எங்கிட்ட பொய் சொல்லியா கட்டிக்கிட்டாரு இந்த மனுஷன்?" என்று கேட்டாள். 

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அன்றைக்கே ரொட்டிக்கடை சானோ இறந்துபோனார். அவர் பெயரையும் தேதியையும் தட்டினேன். "இந்த நாள் இன்னும் வரவில்லை" என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த ஜன்னலுக்குள் 2014 ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொரு வருடத்தில் இறந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை. எல்லோரும் உயிரோடிருக்கிறார்கள்.

வேறு வருடமே கிடைக்கவில்லையா உனக்கு?

டோன்கா

•

புர்காஸ்
17 நவம்பர் 2025

அண்ணிக்கு,

கேட்காமல் செய்தது தப்புத்தான். நீங்கள் இருக்கும்போது கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. புது வருடத்தில் பில் போட முடியாமல் நீங்கள் தவிப்பீர்களே என்றுதான் செய்தேன். இவ்காவிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். அண்ணன் அந்தப் புரோகிராமை எழுதிய காலத்துக்கும் இந்தப் புது வெர்ஷனுக்கும் நடுவில் மூன்று நான்கு வெர்ஷன்கள் வந்துபோய்விட்டன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கினேன். நீங்கள் பார்க்கும் சின்ன ஜன்னல் அதுதான். தான் இன்னும் பழைய காலத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டு அந்தப் புரோகிராம் அதற்குள் ஓடுகிறது.

உள்ளே வைக்க ஒரு நகல் தேவைப்பட்டது. உங்கள் பழைய வட்டு பாதியிலேயே படுத்துவிட்டது. என்னிடம் வேறொரு நகல் இருந்தது. அண்ணன் இறந்தபோது வந்தேன் அல்லவா, எதையும் தொடுவதற்கு முன்னால் அவன் விட்டுப்போனபடியே அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போதும் தெரியாது. அதில் அண்ணன் ஒரு பூட்டு வைத்திருக்கிறான். கடைசியாக மூடிய நாளைவிட ரொம்பத் தள்ளிப்போன தேதியைக் கண்டால் ரகசியச் சொல் கேட்கும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே 2014-ஐ வைத்தேன். அந்த வருடத்தின் கிழமைகளும் இந்த வருடத்தின் கிழமைகளும் அப்படியே பொருந்துகின்றன. வேறு எண்ணம் எதுவும் இல்லை.

பதினொரு வருடப் பெயர்களும் தொலையவில்லை. கையோடு எடுத்துவந்த அந்த வட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டிருக்கிறேன். புது வெர்ஷனில் ஓடுகிற மாதிரி ஒரு புரோகிராமை நானே எழுதித் தருகிறேன். அதுவரை அந்த ஜன்னல் அடித்துத் தருவதை ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று. காலையில் திறக்கும்போது அதில் வேறு ஏதாவது வருகிறதா? வந்தால் பொருட்படுத்தாதீர்கள்.

கலின்

•

பெர்கோவிட்சா
25 நவம்பர் 2025

கலின்,

பொருட்படுத்தாதே என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நீ அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். காலையில் மஞ்சளாக ஒரு சீட்டு வரும், என்ன ஏது என்று பார்க்காமலே மூடிவிடுவேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"டோன்கா, ஹீட்டர ரெண்டுல வை. மூணுல வச்சா ஃபியூஸ் போயிரும், அப்புறம் எம்மேல பாயாத."

உனக்கு நினைவிருக்கிறதா, மாலையில் கடையைச் சாத்துவது அவர், காலையில் திறப்பது நான். விடிந்ததும் அவர் தாள் ஒட்டக் கிளம்பிவிடுவார். மறுநாளுக்கு எனக்குச் சொல்லவேண்டியதைக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு அதையெல்லாம் படித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே மூடியிருப்பேன். இப்போது அந்தந்த நாள் வந்ததும் அந்தந்தச் சீட்டு மறுபடியும் எழுந்து வருகிறது. அந்த ஹீட்டரைத் தூக்கிப்போட்டுப் பல காலமாகிறது. ஆனாலும் புது ஹீட்டரை இரண்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது: "பாதிரியார் வீட்டுப் பக்கம் போறேன். பத்து மணிக்கு வந்துருவேன், காபி எனக்கும் சேத்துப் போடு." கை தானாகப் போட்டுவிட்டது. இரண்டாவது கோப்பை ஆறும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதையும் நானே குடித்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே. நினைத்தாலும் எழுதாதே.

நேற்று வேறொன்று செய்தேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியிலேயே அவருடைய டிசம்பர் 20-க்கான தாளைத் தயாராக்கிவிடுவேன். பழக்கத்தில் பெயரைத் தட்டினேன், தேதியையும் தட்டினேன். "இந்த நாள் இன்னும் வரவில்லை" என்றது. அவர் இறந்ததை அந்தக் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை கலின். சானோவுக்குச் சொன்னபோது எரிச்சல் வந்தது. இவருக்குச் சொன்னபோது சிரித்துவிட்டேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புதுப் புரோகிராமுக்கு ஒன்றும் அவசரமில்லை. மெதுவாகவே செய்.

டோன்கா

•

புர்காஸ்
1 டிசம்பர் 2025

அண்ணிக்கு,

வெல்கோ போன் செய்தார். ஸ்லாவ்கா விஷயமாகத் திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர் கவலையெல்லாம் உங்களைப் பற்றி. கல்லாவில் இரண்டு கோப்பை இருக்கிறதாம், யாரோ உள்ளே இருப்பதுபோலப் பேசுகிறீர்களாம். சானோவின் மகன் அப்பாவின் தாளை அடிக்கப் பக்கத்து ஊர் மொன்டானாவுக்குப் போனானாம். "தம்பி, டோன்கா உசிரோட இருக்கறவங்கள எல்லாம் விட்டுட்டா" என்றார் வெல்கோ. போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதுப் புரோகிராம் தயாராகிவிட்டது. பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன, அண்ணன் பெயரும்தான். நான் அங்கே வரக்கூட வேண்டாம். இங்கிருந்தே உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அதைப் போட்டுவிட்டு, அந்தச் சின்ன ஜன்னலை மூடிவிட முடியும். தேதியை முன்னாலும் பின்னாலும் தள்ளவும் முடியும். இந்த முறை கேட்காமல் செய்ய மாட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அண்ணன் கடைசியாக அந்தக் கம்ப்யூட்டரை மூடியது டிசம்பர் 19 வெள்ளிக்கிழமை. அந்த ஜன்னலும் தினம் ஒரு நாளாக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நாள் வந்த பிறகு என்ன செய்வீர்கள்?

கலின்

•

பெர்கோவிட்சா
8 டிசம்பர் 2025

கலின்,

அதை நான் யோசிக்கவில்லை என்றா நினைத்தாய்? வேறு எதையும் யோசிப்பதில்லை.

நிக்கோலா திருநாளுக்குக் கெண்டை மீன் வாங்கி, வெங்காயமும் வால்நட்டும் அடைத்துச் சுட்டேன். ஒருத்திக்கு ஒரு முழு மீனா என்று மீன்காரி கேட்டாள். ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வெல்கோ சொல்வது பொய்யில்லை.

அந்த வருடம் பதினைந்தாம் தேதி நான் அவரோடு சண்டை போட்டேன். சாவுத்தாள் ஒட்டி ஒட்டியே காலம் போகிறது, கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம் என்றால் காதிலேயே வாங்குவதில்லை என்று கத்திவிட்டு மொன்டானாவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து கடைப்பக்கமே வரவில்லை. இருபதாம் தேதி இக்னாட் திருநாள். அன்றைக்கு வாசலில் முதலில் கால்வைப்பவரைப் பொறுத்துத்தான் அந்த வருடம் முழுவதும். கடைக்குள் முதல் கால் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது உன் அண்ணன் பிடிவாதம், ஒரு வருடமும் விட்டதில்லை. அதனால் என்னை அழைத்துப்போக விடியும் முன்பே வண்டியை எடுத்தார். பாதையெல்லாம் பனி உறைந்து கிடந்தது. மீதி உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து இக்னாட் நாளில் நான் கடையைத் திறப்பதில்லை.

இப்போது அந்த ஜன்னலுக்குள் டிசம்பர் எட்டு. அவர் உயிரோடிருக்கிறார், நாங்கள் இன்னும் சண்டை போடவில்லை. இந்த முறை நான் எங்கேயும் போகப் போவதில்லை. தினமும் கடையிலேயே இருப்பேன். நான் இங்கே இருந்தால் என்னைத் தேடிக்கொண்டு அவர் ஏன் வண்டியெடுக்க வேண்டும்?

நீ படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாய், தெரியும். அடித்துக்கொண்டபின் எனக்கு ஒன்று செய். தேதியைத் தள்ள முடியும் என்று எழுதினாயே, பத்தொன்பதாம் தேதி கடை சாத்தியதும் அதை நவம்பர் ஒன்றுக்குத் திருப்பிவிடு. மறுபடியும் ஹீட்டர், மறுபடியும் காபி. பத்தொன்பது வந்ததும் மறுபடி திருப்பு. இருபது வரவே வேண்டாம்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

டோன்கா

•

புர்காஸ்
13 டிசம்பர் 2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நானும் இங்கிருந்து அந்த ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன். நீங்கள் கடை திறப்பதற்கு முன்பே சீட்டைப் படித்துவிடுகிறேன். முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். பொருட்படுத்தாதீர்கள் என்று எழுதியது, நான் அதற்குள் மாட்டிக்கொண்டதால்தான்.

புதன்கிழமைச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். "கலின் பய கூப்பிட்டா வம்பிழுக்காத. கிறிஸ்துமஸுக்கு வரச்சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லு." அந்த வருடம் நான் கூப்பிட்டேன் அண்ணி. நீங்கள்தான் எடுத்தீர்கள். கடையில் ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்கும் அவனுக்கும் அப்போது பேச்சில்லை. அவனே கூப்பிட்டால்தான் வருவேன் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். அவன் கூப்பிட்டிருக்கிறான் என்பது இந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது. உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க வேலையில் ஒன்றும் ஓடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவன் இறந்த அன்று உங்களால் உட்காரக்கூட முடியவில்லை. அவன் தாளை நான்தான் அடித்தேன். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவனே எழுதிய புரோகிராமில் அவன் பெயரைத் தட்டினேன், தேதியைத் தட்டினேன். கடைசியில் அது "சரிதானா?" என்று கேட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும். சரி என்பதை அழுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அழுத்திய பிறகுதான் அவன் செத்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

தேதியைத் திருப்புவது ஒரு நொடி வேலை. ஆனால் அண்ணி, திருப்பினால் அவன் மறுபடியும் பத்தொன்பது வரை வருவான். அடுத்த முறையும் வருவான். ஒவ்வொரு தடவையும் பனியில் வண்டியெடுக்கப் போகிறவனாகவே அவனை வாசலில் நிறுத்திவைக்க வேண்டுமா? பாவம் அவன், ஒரு தடவை போனான், அது போதாதா?

இப்படி எழுதிவிட்டேனே தவிர, வெள்ளிக்கிழமை மாலை என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. எனக்கும் அவன் வேண்டும்.

கலின்

•

பெர்கோவிட்சா
20 டிசம்பர் 2025

தம்பி கலினுக்கு,

நீ திருப்பவில்லை. காலையில் ஜன்னலின் மூலையில் இருபது என்றிருந்தது.

பதினாறிலிருந்து வந்த சீட்டுகளை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் இல்லாத கடையில், யாரும் திறக்காத கம்ப்யூட்டரில், தினமும் எழுதி வைத்திருக்கிறார். நீயும் படித்திருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஆறும். "இன்னும் வரல." அடுத்த நாள், "பசை கட்டிகட்டியா இருக்கு, எனக்குக் கலக்க வரல." வியாழனன்று, "சரி, கல்யாணப் பத்திரிகையும் அடிக்கலாம். வா." நேற்று, "போதும் டோன்கா. நாளைக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன்."

அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு வாய்விட்டுச் சொன்னேன். "வராதீங்க. நான் இங்கதான் இருக்கேன். கடையிலதான் இருக்கேன், பாருங்க." கடை சாத்தும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காது கிடையாது என்பது எனக்குத் தெரியாதா?

இன்று காலை வீட்டிலிருந்து நடந்து வந்தேன். பனி இல்லை, தரை காய்ந்து கிடந்தது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக இக்னாட் நாளில் கடையைத் திறந்தேன். முதலில் கால்வைத்தது நான்தான், அதுவும் வலது கால். அவர் கேட்டது அதுதானே.

சீட்டு இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பிறகு அவர் பெயரைத் தட்டினேன். தேதியைத் தட்டினேன். இந்த முறை அது மறுக்கவில்லை. "சரிதானா?" என்று மட்டும் கேட்டது. நீ அன்றைக்குத் தனியாக உட்கார்ந்திருந்த நாற்காலி அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே அழுத்தினேன்.

அதற்குப் பதினொன்றாம் ஆண்டு என்று தெரியாதல்லவா, முதல் நாள் தாளை அடித்துவிட்டது. "இன்று எங்களைவிட்டுப் பிரிந்தார். துயரில் மனைவி டோன்கா, தம்பி கலின்." நீ அடித்த அந்தத் தாளை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இதை முழுவதும் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேதான் படித்தேன். பிறகு அப்படியே கொண்டுபோய்க் கடைக் கதவில் ஒட்டினேன்.

முதலில் வந்தவர்கள் வெல்கோவும் இவ்காவும். வெல்கோ தாளைப் படித்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார். "டோன்கா, தேதி மறுபடி தப்பாப் போட்டிருக்கே" என்றார். இவ்கா அவரை முழங்கையால் இடித்தாள். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள போங்க" என்றாள். சாமந்திப் பூ வாங்கி வந்திருந்தாள், இரட்டைப்படை எண்ணிக்கையில், சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதைப் போல. அவளுக்குப் பின்னால் மீன்காரி வந்தாள், பாதிரியாரின் மனைவி வந்தாள், சானோவின் மகன் வந்தான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு வந்தவர்களை நான் பார்க்கவில்லை. இன்றைக்கு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன்.

சானோவுக்கு ஆறு மாதத் தாளை நான் அடித்துத் தருகிறேன் என்று அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன். நீ செய்த புரோகிராமைப் போட்டுவிடு. இங்கே வந்து போடு.

ஆமாம், வா. இந்தக் கடிதத்தைச் சோபியா பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன், அவர் புர்காஸ் பஸ்ஸில் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், நாளைக்குள் உன்னிடம் வந்துவிடும். பதினொரு வருடம் பிந்திச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. உன் அண்ணன் சொன்னார் என்று சொல்லச் சொன்னார்.

ஜன்னலின் ஓரத்தில் ஒரு சின்ன மணி மின்னிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கு ஒரு சீட்டு இருக்கிறதாம். அதற்குள் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். நான் திங்களன்று கடை திறக்கப் போவதில்லை. நீயும் அங்கிருந்து எட்டிப் பார்க்காதே. பெரிதாக ஒன்றும் இருக்காது, பசை வாங்கச் சொல்லியிருப்பார்.

நீ வந்து அதைத் திற. திறந்து, சத்தமாக எனக்கு வாசித்துக் காட்டு. உன் குரல் அப்படியே அவர் குரல், கலின். கேட்க மாட்டேன் என்று நான் சொன்னது அதனால்தான்.

டோன்கா